பத்து, இருபது, முப்பது

பேசிக் மொழியில் எழுதிய பழைய புரோகிராம் ஒன்றை, இன்று கல்லூரியில் பைத்தான் படிக்கும் பிள்ளையிடம் காட்டினால் முதல் கேள்வி இதுதான்: ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏன் ஓர் எண் நிற்கிறது? அதுவும் 1, 2, 3 என்று இல்லாமல் 10, 20, 30 என்று ஏன் தாவுகிறது? நல்ல கேள்வி. ஒரு வாய் டீயில் பதில் சொல்லிவிட முடியாது, குடித்துக்கொண்டே கேளுங்கள். அந்த எண்களைக் காலாவதியான ஒரு தொல்லையாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணினி படிக்காத மனிதர்களும் கணினி முன்னால் உட்கார்ந்து, அதனோடு நேராகப் பேச முடிந்ததற்கு அந்த எண் ஒரு பெரிய காரணம்.

அடிப்படை விதி ஒன்றுதான். எண்ணோடு தொடங்கும் வரியைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். எண் இல்லாத வரியை அந்த நொடியே செய்துவிடும். பிரிண்ட் 7 * 8 என்று அடித்து என்டர் தட்டினால் அடுத்த வரியில் 56 வந்து நிற்கும். அதையே 10 பிரிண்ட் 7 * 8 என்று அடித்தால் திரையில் எதுவும் வராது. கணினி அந்த வரியை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். ரன் என்று சொன்னால்தான் 56 வரும். (கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அந்தக் காலத் திரைகளில் அவை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தன.)

இப்போது ஒரு சின்ன புரோகிராம்:

10 பிரிண்ட் "வாய்ப்பாடு"
20 ஃபார் ஐ = 1 டூ 10
30 பிரிண்ட் ஐ; "×"; 7; "="; ஐ * 7
40 நெக்ஸ்ட் ஐ

ரன் கொடுத்தால் ஏழாம் வாய்ப்பாடு பத்து வரிகளில் இறங்கும். நம் ஊர் வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் 16 வரை இருக்குமே என்று தோன்றினால், 20 ஃபார் ஐ = 1 டூ 16 என்று மறுபடி அடித்தால் போதும். பழைய 20 போய், புதிய 20 அந்த இடத்தில் உட்காரும். எந்த எண்ணின் வாய்ப்பாடு வேண்டும் என்று கேட்கவும் வைக்கலாமா? 15 இன்புட் ஏ என்று அடியுங்கள். கடைசியாக அடித்தாலும் அது 10க்கும் 20க்கும் நடுவில் போய்ச் சேர்ந்துவிடும். 30ஆம் வரியில் 7 இருந்த இரண்டு இடங்களிலும் ஏ போட்டுத் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தலைப்பு வேண்டாம் என்றால் 10 என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் அந்த வரி அழிந்துவிடும். லிஸ்ட் என்றால் மிச்சமிருப்பது எல்லாம் எண் வரிசையில் அடுக்கி வந்து நிற்கும்.

சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது மூன்றும் இதில் அடங்கிவிட்டன. மெனு கிடையாது, மவுஸ் கிடையாது. புரோகிராமை எழுத ஒரு மென்பொருள், ஓட்ட இன்னொன்று என்ற பிரிவினையும் கிடையாது. எண்ணத் தெரிந்த எவருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும் ஏற்பாடு இது.

இது எதற்காக வந்தது என்று புரிய, அதற்கு முன்னால் இருந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950களிலும் 60களிலும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியவர்கள் பஞ்ச் கார்டுகளில் எழுதினார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 பத்திகள். அந்த அட்டையில் இரண்டு வகை எண்களுக்கு இடம் இருந்தது. முதல் 5 பத்திகளில் ஓர் அடையாள எண் போடலாம். புரோகிராமின் வேறு இடத்திலிருந்து இந்த வரிக்குத் தாவி வர அது உதவும். தேவையான வரிகளுக்கு மட்டும் போட்டால் போதும், ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 73 முதல் 80 வரையுள்ள பத்திகளில் வரிசை எண் போடலாம். கணினி அதைக் கண்டுகொள்ளாது. அட்டைக்கட்டு கைதவறி விழுந்து சிதறினால் மறுபடி அடுக்குவதற்கு அது மனிதர்களுக்குப் பயன்பட்டது.

அட்டைக்கட்டைக் கணினி மையத்தின் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். நடுவில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும். அந்த ஒரு அட்டையை மறுபடி துளைத்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி காத்திருக்க வேண்டும். இப்படி ஓர் இயந்திரத்தோடு யாருக்கு உறவு வரும்?

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் ஊரில் இருக்கிறது டார்ட்மவுத் கல்லூரி. அங்கே கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் இதை மாற்ற நினைத்தார்கள். கெமனி புடாபெஸ்டில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் மாணவராக இருந்தபோது ஐன்ஸ்டைனிடம் கணித உதவியாளராக வேலை பார்த்தவர். இருவருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. டார்ட்மவுத் மாணவர்களில் பெரும்பாலோர் அறிவியலோ பொறியியலோ படிப்பவர்கள் அல்லர். நாளைக்கு அரசிலும் தொழிலிலும் முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ஆகவே வரலாறு படிக்கும் பிள்ளைக்கும் கணினி கைக்கு எட்ட வேண்டும். நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் எடுக்கிற சுலபத்தோடு எட்ட வேண்டும். அதற்காக இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்று. பழகுவதற்கு எளிய மொழி இன்னொன்று. அதுதான் பேசிக். 1964 மே 1 அன்று அதிகாலை 4 மணிக்கு, கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஜிஇ-225 கணினியில், கெமனியும் ஒரு மாணவரும் இரண்டு முனையங்களில் ஒரே நேரத்தில் ரன் கொடுத்தார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது.

அந்த முனையம் என்பது என்ன? திரை கிடையாது. டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரம், உருளைக் காகிதம், அவ்வளவுதான். நொடிக்கு 10 எழுத்துகள் அடிக்கும். 100 வரி புரோகிராமை முழுக்க அச்சிட்டுப் பார்க்க, வரிக்கு 20 எழுத்து என்று வைத்தாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அச்சான காகிதத்தில் மேலே போய் ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. கர்சரை நகர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் ‘அந்த வரியை மாற்று’ என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? வரிக்கு ஓர் எண் இருந்தால் சொல்லிவிடலாம். பேசிக்கின் வரி எண், காகிதத்தை மட்டுமே கண்ட ஓர் இயந்திரத்துக்குப் பிறந்த எடிட்டர்.

டார்ட்மவுத்தின் மூளையில் மட்டும் உதித்தது என்று சொல்லிவிடக் கூடாது. ராண்ட் நிறுவனத்தில் கிளிஃப் ஷா 1963இல் ஓடவைத்த ஜாஸ் என்ற அமைப்பிலும் எண் போட்ட வரி காத்திருக்கும், எண் போடாத வரி உடனே நடக்கும். அங்கே எண்கள் தசமத்தில் இருந்தன. 1.1க்கும் 1.2க்கும் நடுவில் ஒரு வரி வேண்டுமானால் 1.15. நடுவில் இடம் தீர்ந்துபோகும் கவலை அதில் குறைவு. அழகான யோசனை, ஆனால் உலகம் பேசிக்கின் முழு எண்களைத்தான் எடுத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபோர்ட்ரானில் இரண்டாகப் பிரிந்து கிடந்த எண்களை பேசிக் ஒன்றாக்கிவிட்டது. வரி ஓடும் வரிசையும் அதே எண்தான். திருத்துவதற்கான பிடியும் அதே எண்தான். கோட்டூ 30 என்று சொன்னால் தாவிப் போய்ச் சேரும் முகவரியும் அதே எண்தான். பேசிக் அத்தனை எளிதாக இருந்ததற்கு இந்த மூன்று வேலைகளும் ஓர் எண்ணில் குவிந்தது காரணம். பிற்பாடு அது பட்ட சிரமங்களுக்கும் இதுவே காரணம்.

பத்துப் பத்தாகத் தாவும் பழக்கம் இங்கிருந்து வருகிறது. யாரும் முதல் தடவையிலேயே முழுவதையும் யோசித்து எழுதுவதில்லை. நடுவில் எதையாவது மறந்திருப்போம். 10க்கும் 20க்கும் நடுவில் ஒன்பது வரிகளுக்கு இடம் விடுவது, வரப்போகும் யோசனைக்கு முன்கூட்டியே விடும் இடம். அனுபவப்பட்டவர்கள் இன்னும் தாராளமாக விடுவார்கள். பிரதான வேலை 100இல் தொடங்கும், துணை வேலைகள் 1000, 2000 என்று போகும், தரவு வரிகள் 9000க்கு மேலே இருக்கும். சிலர் நேர்மாறாக, அடிக்கடி அழைக்கும் துணை வேலைகளைச் சின்ன எண்களில் வைப்பார்கள். அதற்கும் நியாயம் உண்டு. மைக்ரோசாஃப்ட் எழுதிய பேசிக், துணை வேலையை அழைக்கும் கோசப் கட்டளை கேட்ட வரியைத் தேடும்போது ஒவ்வொரு வரியாகத்தான் தாண்டிப் போகும். எண் பின்னோக்கி இருந்தால் புரோகிராமின் தலையிலிருந்து தேடும். ஆகவே முன்வரிசையில் இருக்கும் வரி சீக்கிரம் அகப்படும். ஒரு விளையாட்டு கொஞ்சம் வேகமாக ஓட, துணை வேலைகளின் எண்ணை மாற்றியவர்கள் அன்று ஏராளம்.

இடம் தீர்ந்துபோனால்? 10 முதல் 20 வரை எல்லா எண்களும் நிரம்பிவிட்டன, இன்னும் ஆறு வரி செருக வேண்டும். 19ஆம் வரியில் கோட்டூ 500 என்று போட்டு, 500இல் அந்த வேலையைச் செய்து, கோட்டூ 20 என்று திரும்பி வருவார்கள். இப்படி நாலைந்து இடத்தில் செய்தால் புரோகிராம் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. பேசிக் எழுதியவர்களின் சிக்கலான புரோகிராம்களைப் பழிப்பவர்கள், அதில் ஒரு பங்கு வெறும் இட நெருக்கடியால் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ரீனம் என்ற கட்டளை இருந்த கணினிகளில் இதற்கு மருந்து உண்டு. எல்லா வரிகளுக்கும் புதிதாக 10, 20, 30 என்று எண் போடும். சென்னைத் தெருக்களில் ‘பழைய எண் 12, புதிய எண் 27’ என்று கதவில் இரண்டையும் எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் குழப்பம் இங்கேயும் வரும். வரியின் எண் மாறினால், அந்த எண்ணைச் சொல்லி அழைத்த ஒவ்வொரு கோட்டூவும் கோசப்பும் மாற வேண்டும். நல்ல ரீனம் இதையெல்லாம் தானே திருத்திவிடும். ஆனால் கமடோர் 64இலும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமிலும் கூடவே வந்த பேசிக்கில் ரீனம் இல்லை. அவற்றின் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் எண்ணைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகினார்கள்.

வரி எண்ணின் அருமையை எனக்கு முழுதாக உணர்த்தியது நெதர்லாந்தில் நடந்த ஒரு காரியம். 1980களின் முற்பாதியில் அந்நாட்டின் என்ஓஎஸ் ஒலிபரப்பு நிறுவனம், ஹாபிஸ்கூப் என்ற வானொலி நிகழ்ச்சியில் கணினிப் புரோகிராம்களையே ஒலிபரப்பியது. அன்றைய வீட்டுக் கணினிகள் புரோகிராமைச் சாதாரண கேசட்டில் ஒலியாகப் பதிந்து வைக்கும். போட்டுக் கேட்டால் கீச்சென்று இரையும். அந்த இரைச்சலை வானொலியில் விட்டால், வீட்டில் டேப்ரெக்கார்டரில் பதிந்து கணினிக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் பேசிக்கும் ஒவ்வொரு மாதிரி. திரையைத் துடைக்க ஒன்றில் சிஎல்எஸ், ஆப்பிளில் ஹோம், கமடோரில் ஒரு சிறப்புக் குறியை பிரிண்ட் செய்ய வேண்டும். ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது.

பேசிகோட் என்று பெயரிட்டு அவர்கள் செய்த ஏற்பாட்டின் உயிர் வரி எண்ணில் இருந்தது. 1000க்குக் கீழே உள்ள எண்கள் அந்தந்தக் கணினிக்குச் சொந்தம். கமடோர்காரர் கமடோருக்கு ஏற்ப, பிபிசி மைக்ரோகாரர் பிபிசிக்கு ஏற்ப, அந்த வரிகளை ஒரு தடவை ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிபரப்பாகும் புரோகிராம் எப்போதும் 1000இல் தொடங்கும். கோசப் 100 என்றால் எல்லாக் கணினியிலும் திரை துடைபடும். கோசப் 110 என்றால் சொன்ன இடத்துக்குக் கர்சர் போகும். 200 என்றால் எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்க்கும், 250 என்றால் ஒரு பீப். போட்டியிட்டுக்கொண்டிருந்த கம்பெனிகளின் இயந்திரங்கள் எல்லாம், ஒரு சில எண்களை ஒத்துக்கொண்டதால், ஒரே புரோகிராமை ஓட்டின. பிறகு கிழக்கு ஜெர்மனி வானொலியும் பேசிகோட் புரோகிராம்களை ஒலிபரப்பியது. எல்லைச் சுவர் இருந்த காலத்தில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கோசப் 100 என்றால் அர்த்தம் ஒன்றுதான்.

அச்சிலும் இதே பயன். 1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் கடைக்கு வந்த பிறகு, புரோகிராம்களை அச்சிடும் பத்திரிகைகள் பெருகின. டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுகளின் புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாசகர் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்வார். தவறு நேர்ந்தால் கணினி ‘20ஆம் வரியில் இலக்கணப் பிழை’ என்று எண்ணைச் சொல்லும். விரல் வைத்துப் புத்தகத்தில் அந்த வரியைத் தேடினால் எழுத்துப்பிழை அகப்படும். பத்திரிகை அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டுமானாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். கம்ப்யூட் என்ற அமெரிக்கப் பத்திரிகை 1983இல், நீங்கள் அடித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் காட்டும் சிறு புரோகிராமையே வெளியிட்டது. இதழில் அச்சிட்ட எண்ணோடு அது ஒத்துப்போனால் வரி சரி. பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகத் தன் விரலால் அடித்து, பிழை தேடித் திருத்தியவர்களுக்கு அந்தப் புரோகிராம் உள்ளும் புறமும் தெரிந்துபோயிருக்கும். இன்று நகலெடுத்து ஒட்டும்போது அது நடப்பதில்லை.

இந்தியாவுக்கும் இது வந்தது. 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக்கில் வரி எண்ணும் இருந்தது, பெயர் சொல்லி அழைக்கும் துணை வேலைகளும் இருந்தன. எதற்கு எண், எதற்குப் பெயர் என்று பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்த நல்ல மொழி அது. ஆனால் நம்மில் அதிகம் பேருக்கு நினைவில் நிற்பது கணினிப் பயிற்சி மையங்களின் ஜிடபிள்யூ-பேசிக். ‘ஓகே’ என்ற சொல், கீழ் விளிம்பில் எஃப்1 லிஸ்ட், எஃப்2 ரன் என்று ஒரு பட்டை. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. திரையில் இருக்கும் வரிக்குக் கர்சரைக் கொண்டுபோய், அதன் எண்ணை மட்டும் மாற்றி என்டர் தட்டினால், பழைய வரி அப்படியே இருக்க, புதிய எண்ணில் ஒரு நகல் உண்டாகும். அது தெரிந்த பிள்ளை ஒரே மாதிரியான பத்து வரிகளை நொடியில் உண்டாக்கிவிடும்.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இலேயே கோட்டூ கட்டளை தீங்கானது என்று வாதிட்டார். 1975இல் எழுதிய குறிப்பு ஒன்றில், பேசிக்கில் தொடங்கிய மாணவர்களின் சிந்தனை சீர்செய்ய முடியாதபடி சேதமாகிவிடுகிறது என்றே சொல்லிவிட்டார். முதல் வாதம் சரி. கோட்டூ 740 என்ற வரி, 740இல் என்ன இருக்கிறது, எதற்காக அங்கே போகிறோம் என்று எதையும் சொல்வதில்லை. ஆயிரம் வரிப் புரோகிராமில் அது பெரிய துன்பம். இரண்டாவது வாதத்தை நான் ஏற்கவில்லை. பேசிக்கில் தொடங்கியவர்கள்தாம் அடுத்த முப்பது ஆண்டுகளின் மென்பொருளில் பெரும் பகுதியை எழுதினார்கள். சேதமானவர்களால் அது முடியாது.

வரி எண் ஒரே நாளில் சாகவில்லை. அதன் மூன்று வேலைகளும் ஒவ்வொன்றாகப் பறிபோயின. முழுத்திரை எடிட்டர் வந்ததும் திருத்தும் பிடி தேவையற்றுப் போனது. துணை வேலைகளுக்குப் பெயர் வைக்கும் வசதி வந்ததும் முகவரி வேலை போனது. வரிசையை, எழுதிய ஒழுங்கே பார்த்துக்கொண்டது. 1985இல் வந்த குயிக்பேசிக்கில் எண் இல்லாமலே எழுதலாம். 1991இல் எம்எஸ்-டாஸ் 5இல் ஜிடபிள்யூ-பேசிக்கின் இடத்தைக் கியூபேசிக் எடுத்துக்கொண்டது. கெமனியும் கர்ட்ஸும் தாங்களே 1985இல் ட்ரூ பேசிக் கொண்டுவந்து வரி எண்ணைக் கைவிட அனுமதித்தார்கள். வீட்டுக் கணினிகளில் பரவிய பேசிக்குகளை ‘தெரு பேசிக்’ என்று அவர்கள் குறைசொன்னார்கள். பெற்றவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் டார்ட்மவுத் கல்லூரிக்கு வெளியே கோடிக்கணக்கானவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தெரு பேசிக்தான்.

எண்களோடு சேர்ந்து போன ஒன்றை மட்டும் நான் இன்னும் தேடுகிறேன். உடனே செய் என்பதும், வைத்துக்கொள் என்பதும் ஒரே இடத்தில் நடந்தன. இன்று பைத்தானில் உடனடிக் கட்டளைக்கு ஒரு சாளரம், சேமிக்கும் புரோகிராமுக்கு வேறு கோப்பு. ஜூப்பிட்டர் நோட்புக் இரண்டையும் ஓரளவு இணைக்கிறது, அதிலும் எண்கள் வருகின்றன. ஆனால் அவை எந்தக் கட்டத்தை எப்போது ஓட்டினோம் என்று சொல்லும் எண்கள். வரிசை மாற்றி ஓட்டினால் மேலிருந்து கீழே படிப்பதும் உண்மையில் நடந்ததும் வேறாகிவிடும். முதன்முதலாகக் கணினியிடம் பேசும் பிள்ளைக்கு அது சுமை.

ஜிடபிள்யூ-பேசிக்கைப் போலவே நடந்துகொள்ளும் பிசி-பேசிக் என்ற இலவச மென்பொருள் இன்றைய கணினிகளில் ஓடுகிறது. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதில் தொடங்கிப் பாருங்கள். கோட்டூவை முதல் வாரத்தில் காட்ட வேண்டாம். ஃபார், நெக்ஸ்ட், இன்புட் மூன்றும் போதும். எண்களைப் பத்துப் பத்தாகப் போடச் சொல்லித் தராதீர்கள், 1, 2, 3 என்றே போடட்டும். நடுவில் ஒரு வரி செருக முடியாமல் பிள்ளை தவிக்கும்போது பத்தின் காரணத்தைச் சொல்லுங்கள். புரோகிராம் நூறு வரி தாண்டி, எந்த எண்ணில் என்ன வேலை இருக்கிறது என்று மறந்துபோகும் நாளில், வேலைக்குப் பெயர் வைக்கும் வசதி வேறு மொழிகளில் இருக்கிறது என்று பைத்தானைத் திறந்து காட்டலாம்.